கரையிலிருந்து ஒரு கைதட்டல்

சொந்தப் புருஷனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சின்னக் கோப்பை காபி குடித்தாள். நீவெஸ் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அதற்குப் போய் புகார். கொடுத்தவர் வேறு யாருமில்லை, மாமியார் ஃபுல்வியா.

ஜெனோவாவிலிருந்து கப்பல் புறப்பட்ட மறுநாளே நடந்தது அது. கப்பல் ஊழியர்கள் பயணிகளின் மேசையில் உட்காரக் கூடாது, வேலையில்லாமல் அவர்கள் கேபினுக்குள் நுழையவும் கூடாது. அந்தப் பயணி தாலி கட்டாத குறையாக மோதிரம் மாற்றிய கணவனாக இருந்தாலும் விதி விதிதான். ஃபுல்வியா நேராக, கப்பலின் அறைகளையும் சாப்பாட்டையும் கவனிக்கும் ஹோட்டல் மேனேஜர் ப்ரூனெத்தியின் அறைக்குப் போனார். "உறவெல்லாம் வீட்டோட சார். கப்பல்ல விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் திரும்பினார். ப்ரூனெத்தி நீவெஸைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் அவளுக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று எச்சரித்து அனுப்பினார்.

நீவெஸின் வேலையே இந்தப் பழைய பயணிகளின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான். வருஷா வருஷம் இதே கப்பலில் திரும்பி வருகிறவர்களுக்கென்றே ஒரு தனிப் பயணம் இது. அவர்களைப் பற்றி அவளிடம் கேட்டால் மூச்சு விடாமல் பேசுவாள். முதல் முறை வருகிறவன் ஓடிப்போய்க் கடலைப் பார்ப்பான். இவர்கள், போன வருஷம் இங்கே தொங்கிய திரைச்சீலை எங்கே என்று பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பழைய மனத்தாங்கல்.

அந்தக் கூட்டத்துக்கே மூத்தவர் ஃபுல்வியா. இன்று இரவு விருந்தில் கேப்டன் தன் கையால் அவர் உடையில் தங்க நங்கூரப் பதக்கம் ஒன்றைக் குத்திவிடப் போகிறார். அதற்குப் பிறகு அவர் நாலு வார்த்தை பேச வேண்டும். என்ன பேசப் போகிறார் என்பதைக் காலைச் சாப்பாட்டின்போதே நீவெஸைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வாம்மா, நில்லு. உட்காருன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். விதி இருக்கே!"

எதிரில் இருந்த இல்டே களுக்கென்று சிரித்தார். தூரினில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் விதவை. பல வருஷமாக ஃபுல்வியாவின் மேசைத் தோழி. ஃபுல்வியா சிரித்தால் சிரிப்பார், முகம் சுளித்தால் சுளிப்பார். தனக்கென்று ஒரு முகபாவம் அவருக்கு இருந்து யாரும் பார்த்ததில்லை.

பக்கத்தில் சவேரியோ. நீவெஸின் கணவன், நாற்பதைத் தாண்டியவன். அவனுக்கு அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சிஞோரா," என்றாள் நீவெஸ். வீட்டில் அத்தை. கப்பலில் சிஞோரா, அம்மணி. அத்தை என்று கூப்பிட்டால் அதற்கும் ஒரு புகார் வரும்.

"நங்கூரம் குத்தினதும் கேப்டனுக்கு நன்றி சொல்வேன். அப்புறம், 'என் மருமக நீவெஸுக்கு இதுதான் கடைசிப் பயணம், வேலையை விட்டுட்டு வீட்டோட இருக்கப் போறா'ன்னு சொல்வேன். எல்லாரும் கைதட்டுவாங்க. கேப்டனும் தட்டுவார். அதுக்கப்புறம் நீ மேடையேறி 'இல்ல, போகமாட்டேன்'னு சொல்லு, பாக்கலாம்."

நீவெஸ் சவேரியோவைப் பார்த்தாள். சவேரியோ ஆரஞ்சைப் பார்த்தான்.

"நான் வேலையை விடறதா யார்கிட்டயும் சொல்லலையே சிஞோரா."

"நீ சொல்லணும்னு யார் காத்துக்கிட்டிருக்கா? வருஷத்துல பாதிக்கு மேல கடல்ல கிடக்கற. என் பையன் சட்டைக்குப் பொத்தான் தைக்கறது நானு. காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுக்கறது நானு. கல்யாணம் மட்டும் உனக்காக்கும்!"

"பொத்தான் தைக்க அவருக்கும் ரெண்டு கை இருக்கு சிஞோரா."

"கேட்டியா இல்டே? நான் வளர்த்த லட்சணத்தைச் சொல்றா."

"மம்மா, மெதுவா. பக்கத்து மேசைல பாக்கறாங்க," என்றான் சவேரியோ.

"பாக்கட்டுமே! சாப்பிடு நீ."

அவன் சாப்பிட்டான். நீவெஸ் சிரித்த முகத்தோடு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். சிரித்த முகம் அவள் சீருடையோடு சேர்ந்து வருவது.

கப்பல் கிரேக்கத்தின் கோர்ஃபூத் துறைமுகத்தில் அணைந்ததும் இறங்கும் வாசலில் நின்றது அவள்தான். வாசலுக்கு மேலே பெரிய கடிகாரம், பத்து மணி. அதன் கீழே பலகை: எல்லோரும் ஐந்தரைக்குள் திரும்பிவிட வேண்டும், ஆறுக்குக் கப்பல் புறப்படும்.

இங்கே ஒரு விஷயம். இத்தனை வருஷமும் இந்தக் கப்பல் எந்த நாட்டுக்குப் போனாலும் ஜெனோவா நேரத்தைத்தான் வைத்திருந்தது. கிரேக்கக் கரையில் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும், கப்பலுக்குள் மட்டும் இத்தாலிய நேரம். இந்த முறை கிரேக்கத் துறைமுகங்கள் அதிகம். ஆகவே நேற்று இரவு கப்பலின் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் சொன்னார்கள், தலையணை மேல் அட்டை வைத்தார்கள்.

புதிதாக வருகிறவன் ஒலிபெருக்கியைக் காது கொடுத்துக் கேட்பான், அட்டையை இரண்டு தடவை படிப்பான். ஃபுல்வியாவோ கேபினுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஒலிபெருக்கியின் சத்தத்தை அடைப்பவர். அட்டையின் மேல் தண்ணீர்த் தம்ளரை வைப்பார். கடலுக்கு வந்த இடத்திலுமா ஃபோன் என்று அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

அவர் குடையும் கைப்பையுமாக வந்து, மணிக்கட்டைத் திருப்பித் தங்கக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது.

"பரவாயில்லையே! ஒரு மணி நேரம் முன்னாடியே கொண்டாந்து சேத்துட்டாரே கேப்டன்."

நீவெஸுக்குச் சுருக்கென்றது. தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைக் காட்டினாள். "சிஞோரா, கடிகாரத்தை நேத்து ராத்திரி..."

"அது கரை நேரம். புதுசுங்க குழம்பிடக் கூடாதுன்னு மாட்டி வெச்சிருக்காங்க."

"இல்ல சிஞோரா, இந்தத் தடவை..."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" குரல் உயர்ந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நீ சடை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்துலயே நான் இந்தக் கப்பல்ல ஏறி இறங்கினவ. எந்தத் துறைமுகத்துல எந்த நேரம்னு உன் கேப்டனுக்கு வேணா நான் சொல்லித் தரேன். வாயை மூடிட்டு உன் வேலையைப் பாரு."

இன்னும் ஒரே ஒரு வாக்கியம். 'கப்பல் நேரம் மாறிடுச்சு'. மூன்றே வார்த்தை. நீவெஸின் நாக்கு நுனியில் இருந்தது.

அவள் அதை விழுங்கினாள். வாயை மூடச் சொன்னார்கள், மூடிக்கொண்டாள். பிறகு வேலையைப் பார்த்தாள்.

"சந்தோஷமா போயிட்டு வாங்க சிஞோரா."

ஃபுல்வியா நிமிர்ந்த தலையோடு படியிறங்கிப் போனார். வழக்கமான லேஸ் துணிக் கடை, அந்தக் கடைக்காரி கொடுக்கும் காபி, திரும்பும்போது சீனி தோய்த்த குட்டி ஆரஞ்சு ஒரு பெட்டி. அவருடைய கோர்ஃபூ அவ்வளவுதான். இல்டேவுக்கு முழங்கால் வலி, கூடப் போகவில்லை. சவேரியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்து, கப்பலிலேயே தங்கிவிட்டான்.

மதியம் நீவெஸுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில், கம்பியைப் பிடித்தபடி புருஷனும் பெண்டாட்டியும் நின்றுகொண்டே பேசினார்கள். உட்கார்ந்தால்தானே வம்பு.

"காலைல ஏன் வாயைத் திறக்கல நீ?"

"அங்க வெச்சு என்னத்தைச் சொல்ல? இல்டே வேற இருந்தாங்க."

"இன்னிக்கு ராத்திரி கப்பல் பூரா இருக்கும். அப்போ?"

சவேரியோ அவள் கையைப் பிடித்தான். "அப்போ எழுந்திருப்பேன். மம்மா பேசி முடிச்ச அடுத்த நிமிஷம் எழுந்து நின்னு சொல்றேன். நீவெஸ் வேலையை விடல. நான்தான் வீட்டை விடறேன், த்ரியெஸ்தேல அவளோட தனிக்குடித்தனம் போறேன்னு."

"இதே மாதிரி போன ஈஸ்டருக்கும் சொன்ன."

"இந்தத் தடவை வேற. அவங்க அந்த ஆரஞ்சை உரிச்சாங்க பாரு, எனக்கே என்னைப் பாக்க அசிங்கமா இருந்துச்சு."

அவன் குரல் உடைந்தது. அவள் நம்பினாள். நம்பவேண்டும் என்று எட்டு வருஷமாகக் காத்திருந்தவளுக்கு நம்புவது சிரமமில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். துறைமுகத்தில் கப்பலுக்கென்று ஒரு ஏஜென்ட் இருக்கிறார். லேஸ் கடைக்கு ஒரு ஃபோன் போட்டால் முடிந்தது. உங்கம்மாவோட கடிகாரம் ஒரு மணி பின்னாடி ஓடுது என்று சொல்ல வாயெடுத்தாள். நல்ல நேரத்தைக் கெடுப்பானேன் என்று தோன்றியது.

அது மட்டும்தானா? இல்லை. நாம் அவளுக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். அவள் மனதில் வேறொரு படம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பழைய பயணிகளிடம் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. கப்பல் புறப்படும் நேரம் எல்லோரும் மேல் தளத்துக் கம்பியோரம் கூடிவிடுவார்கள். தாமதமாக வருகிறவர்கள் மூட்டையும் முடிச்சுமாகக் கரையில் ஓடிவருவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரிப்பார்கள். முதல் தட்டு எப்போதும் ஃபுல்வியாவுடையது. நேப்பிள்ஸில் கைக்குழந்தையோடு ஒரு ஜோடி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தது. அந்தப் பெண்ணின் செருப்பு அறுந்து போக, வெறுங்காலோடு ஓடினாள். மேலிருந்து ஃபுல்வியா, ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று கத்திக்கொண்டே தாளம் போட்டுக் கைதட்டினார். படியேறி உள்ளே வந்த அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தது நீவெஸ். தண்ணீரை வாங்காமல் அவள் அழுதாள்.

ஒரே ஒரு தடவை கீழேயிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்கட்டும். ஓடி வரட்டும், வேர்க்கட்டும், வந்து ஏறட்டும். நீவெஸ் நினைத்தது அவ்வளவுதான். கப்பலைத் தவறவிடுவார் என்று அவள் நினைக்கவில்லை, அல்லது நினைக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஐந்தரை ஆயிற்று. ஏறுகிறவர்களின் அட்டையைச் சரிபார்க்கும் காவலாளி ரோமெல் தன் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "ஒருத்தர் பாக்கி மேடம்."

"யாரு?" என்றாள், தெரிந்துகொண்டே.

ஒலிபெருக்கியில் ஃபுல்வியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். ஏஜென்ட்டை விட்டு லேஸ் கடைக்கும் ஃபோன் போட்டார்கள். அம்மா கிளம்பி நேரமாச்சு, பழங்கோட்டைப் பக்கம் காத்து வாங்கிட்டுப் போறேன்னு சொன்னாங்க என்றாளாம் கடைக்காரி. ஜெனோவாக் கடிகாரத்தின்படி அவருக்கு இன்னும் ஏகப்பட்ட நேரம் இருந்தது அல்லவா?

ப்ரூனெத்தி வேகமாக வந்தார். "நீவெஸ், உன் மாமியார் வரல. பாஸ்போர்ட்டும் மருந்தும் எடுத்துட்டு வா. ஏஜென்ட் கீழ நிக்கறார்."

வராதவரை விட்டுவிட்டுப் போவதற்கும் கப்பலில் ஒரு முறை உண்டு. கேபினைத் திறந்து, பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, மருந்து மாத்திரையோடு ஒரு பையில் போட்டு, துறைமுக ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுவார்கள். ஆள் அடுத்த துறைமுகத்தில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். பழைய பயணி என்றால் அந்தப் பையைக் கட்டுவது நீவெஸின் வேலை.

கேபினில் இரவு விருந்துக்கான நீலப் பட்டு கவுன் கட்டிலின் மேல் விரித்திருந்தது. அதன் மார்பில், நங்கூரம் குத்தவேண்டிய இடத்தில், ஒரு குண்டூசி அடையாளம். தலைமாட்டில் தண்ணீர்த் தம்ளர், அதன் கீழே நேரம் மாறியதைச் சொல்லும் அட்டை. ஈர வட்டம் பதிந்து ஊறிப்போயிருந்தது.

பாதுகாப்பு அதிகாரி பெட்டகத்தைத் திறந்தார். உள்ளே இரண்டு பாஸ்போர்ட்டுகள்.

நீவெஸ் இரண்டாவதைப் பிரித்தாள். சவேரியோவின் முகம் அதிலிருந்து அவளைப் பார்த்தது.

பக்கத்துக் கேபினில் தனிப் பெட்டகம் வைத்திருக்கும் நாற்பது வயது ஆண்பிள்ளையின் பாஸ்போர்ட், அம்மாவின் பெட்டகத்தில்! தனிக்குடித்தனம் போகிறேன் என்று மதியம் சொன்னானே, எதை வைத்துக்கொண்டு போவான்? அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டு பாஸ்போர்ட்டையும் மருந்தோடு பையில் போட்டுக்கொண்டாள்.

வாசலுக்குத் திரும்பியபோது சவேரியோ அங்கே நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. "மம்மா இப்படி லேட்டா வந்ததே இல்ல நீவெஸ். ஏதாவது ஆயிருக்குமோ?"

"ஒண்ணும் ஆகியிருக்காது."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் பதில் சொல்வதற்குள் ப்ரூனெத்தி வாசல் சுவரில் இருந்த ஃபோனைக் கையில் எடுத்தார். "நீவெஸ், கேப்டன் கேக்கறார். உன் குடும்பத்து ஆளுங்கறதால, நீ கேட்டா பத்து நிமிஷம் காத்திருக்கறேங்கறார். கேக்கட்டுமா?"

கீழே கரையில் கயிறு அவிழ்க்கும் ஆட்கள் தயாராக நின்றார்கள். படிக்கட்டை இழுக்கிற இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. சவேரியோ அவள் வாயையே பார்த்தான்.

நீவெஸுக்கு அந்தக் காபி ஞாபகம் வந்தது. ஆறிப்போன ஒரு வாய் காபி. ப்ரூனெத்தி கூப்பிட்டதும் அதைக் கீழே வைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் அவள் எழுந்துகொண்ட அந்த நிமிஷம்.

"வேண்டாம் சார்," என்றாள். "உறவெல்லாம் வீட்டோட. கப்பல்ல விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ப்ரூனெத்தி அவளை ஒரு மாதிரி பார்த்தார். தன் அறையில் கேட்ட வார்த்தை அவருக்கு மறந்துவிடுமா? காத்திருக்க வேண்டாம் என்று கேப்டனிடம் சொல்லி ஃபோனை வைத்தார்.

"நீவெஸ்!" சவேரியோவின் குரல் கீச்சென்று வந்தது. "பத்து நிமிஷம்தானே கேட்டாங்க!"

"நேப்பிள்ஸ்ல அந்தக் குழந்தைக்காரிக்குப் பத்து நிமிஷம் குடுக்கக் கூடாதுன்னு இவங்கதானே மேல நின்னு கத்தினாங்க?"

"அதுக்குப் பழி வாங்கற நேரமா இது?" அவன் சட்டென்று நிறுத்தினான். முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது. "காலைல வாசல்ல நீதான் நின்ன. மம்மா கடிகாரத்தைப் பாக்காம படியிறங்க மாட்டாங்க. ஜெனோவா நேரத்துலயே இறங்கிட்டாங்களா? நீ பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ரோமெல் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். காலையில் வரிசையில் நின்றவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை.

"பாத்தேன்."

"சொல்லலையா?"

"சொல்ல ஆரம்பிச்சேன். வாயை மூடச் சொன்னாங்க. மூடிட்டேன்."

"மத்தியானம்? என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அப்போவும் தெரியுமா?"

"தெரியும்."

அவன் ஒரு அடி பின்னால் போனான். "அவங்க என் அம்மா நீவெஸ். அங்க மாத்திரை இல்லாம நிக்கறாங்க."

"நான் உன் பெண்டாட்டி சவேரியோ. எட்டு வருஷமா நிக்கறேன்." அவள் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். "இந்தா. உன்னோடது. உங்கம்மா பெட்டகத்துல இருந்துச்சு. இனிமே உன் கையிலயே இருக்கட்டும்."

அவனை விடுவிப்பதாகத்தான் அவள் நினைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சொந்தப் பாஸ்போர்ட்டைத் தன் கையில் பிடித்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

அடுத்த நொடி அவள் மற்றொரு கையிலிருந்த மருந்துப் பையையும் பிடுங்கிக்கொண்டு படியில் ஓடினான்.

"சவேரியோ!"

"நீ கேட்டிருக்கலாம் நீவெஸ்!" ஓடிக்கொண்டே கத்தினான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!"

அவன் கால் கரையில் பட்டதும் படிக்கட்டை இழுத்துவிட்டார்கள். ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. கயிறுகள் தண்ணீரில் விழுந்து இழுபட்டன. திறந்திருந்த பக்கவாட்டுக் கதவில் நீவெஸ் அசையாமல் நின்றாள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் பச்சைத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

அப்போதுதான் துறைமுக வாசலில் ஒரு குடை தெரிந்தது.

ஃபுல்வியா ஓடவில்லை. ஏன் ஓட வேண்டும்? அவர் கணக்கில் அரைமணி முன்னதாகவே வந்திருக்கிறார். குட்டி ஆரஞ்சுப் பெட்டியைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு, ஆடி அசைந்து, வெயிலுக்குக் குடை பிடித்து நடந்து வந்தார். நகரும் கப்பலைப் பார்த்ததும் நின்றார். பிறகு கோபமாக இரண்டு எட்டு முன்னால் வந்து, மணிக்கட்டை உயரத் தூக்கி, கடிகாரத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். அத்தனை பெரிய கப்பலை அதட்டித் திருப்பிக் கூப்பிடுகிற தோரணை.

மேல் தளத்தில் ஒரு கைதட்டல் கேட்டது. ஒற்றை ஆளின் கைதட்டல். நீவெஸ் கழுத்தை நீட்டி மேலே பார்த்தாள். இல்டே! முழங்கால் வலியோடு கம்பியோரம் வந்து நின்று, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, யார் முகத்தையும் பார்க்காமல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நிமிஷம் தளமே தட்டியது. யாரோ விசிலடித்தார்கள். யாரோ தாளம் போட்டார்கள், ஃபுல்வியா போடும் அதே தாளம்.

இதைக் கேட்கத்தான் நீவெஸ் காலையிலிருந்து காத்திருந்தாள். கேட்டாள். நெஞ்சில் ஒரு சொட்டு இனிப்பும் ஊறவில்லை. கரையில் நின்ற அந்த மனிதனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபுல்வியாவின் தூக்கிய கை மெல்ல இறங்கியது. குடை சாய்ந்தது. பக்கத்தில் ஓடிப்போய் நின்ற மகன் தன் ஃபோனை எடுத்துக் காட்டினான். அவர் அதைப் பார்த்தார், தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் வயதான, வழி தெரியாத ஒரு பெண்ணின் முகமாக இருந்தது. சவேரியோ மருந்துப் பையை அவர் கையில் வைத்து, தோளைச் சுற்றி அணைத்துக்கொண்டான்.

அவர் நிமிர்ந்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கப்பலைப் பார்த்தார். கைதட்டும் மேல் தளத்தை அல்ல, கீழே திறந்திருந்த கதவை. அங்கே சீருடையில் தனியாக நின்றவளை.

ஆரஞ்சுப் பெட்டியையும் பையையும் மகனிடம் கொடுத்தார். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.

ஃபுல்வியா இரண்டு கையையும் நீவெஸுக்கு நேராக உயர்த்தி, நிதானமாகக் கைதட்டினார். சத்தம் கப்பல்வரை வரவில்லை. கைகள் மட்டும் சேர்ந்து பிரிந்தன, சேர்ந்து பிரிந்தன.

சவேரியோ தலையை நிமிர்த்தவே இல்லை.

கதவை மூட ஆள் வந்துவிட்டான். நீவெஸ் ஒதுங்கி நின்றாள். இரும்புக் கதவு சாத்தப்பட்டது.

"பேசாம பத்து நிமிஷம் கேட்டிருக்கலாம் நீ," என்றார் பின்னாலிருந்து ப்ரூனெத்தி. வழக்கமான அதட்டல் அவர் குரலில் இல்லை. "ஏஜென்ட் ஃபோன் பண்ணினார். நாளை மறுநாள் அடுத்த துறைமுகம் பீரேயஸ்ல வந்து ஏறிக்கறாங்களாம். ஒருத்தரா ரெண்டு பேரான்னு இன்னும் சொல்லல. யார் வந்தாலும் வாசல்ல நின்னு 'திரும்பி வந்ததுக்கு சந்தோஷம்'னு நீதான் வரவேற்கணும். உன் வேலை."

"சரி சார்."

"இன்னொண்ணு. ராத்திரி விருந்தை நிறுத்த முடியாது. அந்த நங்கூரத்தை வாங்கிக்க அவங்க குடும்பத்துல யாராவது மேடையேறணும்கறார் கேப்டன்." அவர் தயங்கினார். "குடும்பத்துல இப்போ கப்பல்ல இருக்கறது நீ ஒருத்திதானே?"

நீவெஸ் காலியாகிப்போன தன் கைகளைப் பார்த்தாள்.

"மேடையேறி வாங்கிக்கிட்டா போதும், ஒண்ணும் பேச வேண்டாம்," என்றார் ப்ரூனெத்தி. "எல்லாரும் கைதட்டுவாங்க."